37 டைரிகள், 19,488 மணி நேரம்: ஓய்வுக்குப் பிறகு போட்ட ஒரு கணக்கு

ஓய்வு பெற்ற நான்காவது மாதம் பரணை ஒழித்தபோது ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. உள்ளே என் சட்டைப்பை டைரிகள், ஆண்டுக்கு ஒன்றாக 37. "இதெல்லாம் இன்னும் எதுக்கு? போட்டுடலாமா?" என்று மனைவி கேட்டார். போட்டுவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். போடுவதற்கு முன் ஒன்றைப் பிரித்தேன். ஒவ்வொரு நாளுக்கும் இரண்டே எண்கள். வேலைக்குள் நுழைந்த நேரம், வெளியே வந்த நேரம். சில நாட்களின் ஓரத்தில் 'இ' என்று ஒரு எழுத்து, வேறு சில நாட்களில் 'ம'. 'இ' என்றால் இரவில் கூப்பிட்டு அனுப்பினார்கள் என்று பொருள். 'ம' என்றால் மறுவேலை, அதாவது ஒருமுறை சரிசெய்தது ஒரு வாரத்துக்குள் மறுபடி பழுதானது.

ஆரம்பத்தில் ஓவர்டைம் கணக்கில் யாரும் குறைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுத ஆரம்பித்தேன். ஓவர்டைம் நின்ற பிறகும் கை பழக்கத்தை விடவில்லை. அதனால் இன்று என்னிடம் ஒரு மனிதனின் முழு உழைப்புக் காலமும் நாள்வாரியாக இருக்கிறது. ஆறு வாரம் உட்கார்ந்து கூட்டினேன். அந்தக் கூட்டலையும் அதிலிருந்து எனக்குப் புரிந்ததையும் இங்கே எழுதுகிறேன். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நபர் நான் ஒருவன்தான். என் கணக்கு எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கணக்குப் போடும் முறை பலருக்கு உதவும் என்று உறுதியாக நம்புகிறேன்.

பணத்தை ரூபாயிலோ வேறு நாணயத்திலோ சொன்னால் இன்னொரு காலத்தில் வாழ்பவருக்கு ஒன்றும் புரியாது. அதனால் எல்லாவற்றையும் என்னுடைய அந்தந்தக் காலத்து ஒரு மணி நேரக் கூலியை 1 என்று வைத்து எழுதியிருக்கிறேன்.

அளவுகோல்

எதை 'அதிக நேரம்' என்று சொல்வது? என் நியமனக் கடிதத்தில் வாரம் 48 மணி நேரம் என்று இருந்தது. அதையே அளவுகோலாக எடுத்துக்கொண்டேன். அந்த 48 வானத்திலிருந்து விழுந்த எண் கிடையாது. எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் சொந்தப் பொழுது, எட்டு மணி நேரம் ஓய்வு என்ற கோரிக்கையை 1817 வாக்கில் பிரிட்டனின் ஆலை முதலாளியும் சீர்திருத்தவாதியுமான ராபர்ட் ஓவன் முன்வைத்தார். 1856-இல் மெல்போர்ன் நகரத்துக் கல்தச்சர்கள் வேலையை நிறுத்திவிட்டு ஊர்வலம் போய் எட்டு மணி நேர நாளை வாங்கினார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919-இல் வாஷிங்டனில் நிறைவேற்றிய முதல் உடன்படிக்கையே தொழிற்சாலைகளுக்கு நாளைக்கு 8, வாரத்துக்கு 48 என்பதுதான். அதற்கு மேல் வேலை வாங்கினால் வழக்கமான கூலியைப் போல் குறைந்தது ஒன்றேகால் மடங்கு தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. வாரம் 40 மணி என்ற இன்னொரு உடன்படிக்கை 1935-இல் வந்தது. இத்தனை பேர் போராடி ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். நான் அந்தக் கோட்டை எத்தனை தடவை தாண்டினேன் என்பதுதான் டைரிகள் சொல்வது.

ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் 23 வயதில் சேர்ந்தேன், 60-இல் ஓய்வு பெற்றேன். எண்களைப் பார்த்தால் அந்த 37 ஆண்டுகளும் தாமாகவே மூன்றாகப் பிரிகின்றன. முதல் 12 ஆண்டுகள் சராசரி வாரம் 56 மணி. 35 வயதிலிருந்து 50 வரை 15 ஆண்டுகள் 62 மணி. கடைசி 10 ஆண்டுகள் 58 மணி. விடுப்பு, விடுமுறை போக ஆண்டுக்கு 48 வேலை வாரங்கள் என்று வைத்தால், 48 மணிக்கு மேற்பட்ட நேரம் முதல் பகுதியில் 4,608, இரண்டாவதில் 10,080, மூன்றாவதில் 4,800. மொத்தம் 19,488 மணி நேரம். விழித்திருக்கும் நேரத்தை ஒரு நாளைக்கு 16 மணி என்று கொண்டால் 1,218 முழு நாட்கள். மூன்று வருடம் நான்கு மாதம்.

போய்வர ஆன நேரத்தை இதில் சேர்க்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து வேலையை யோசித்த நேரத்தை எந்த டைரியும் எழுதாது.

அலமாரிக் கதவு

முதல் 12 ஆண்டுகளைப் பற்றி எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் ஓய்வு பெற்ற பலர் "இவ்வளவு உழைத்திருக்கக் கூடாது" என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறார்கள். என் கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நான்கு வரிகள். அப்பாவின் மருத்துவத்துக்கு வாங்கிய கடன், தங்கையின் படிப்பு, வீட்டுக்கு முன்பணம், ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு. ஒவ்வொரு வரிக்கும் எதிரே மீதித் தொகையை மனைவி பென்சிலால் எழுதுவார். மாதா மாதம் அழித்துவிட்டுப் புது எண் எழுதியதில் அந்த இடத்துத் தாள் மெலிந்து, பின்னால் இருந்த மரத்தின் நிறம் தெரிய ஆரம்பித்துவிட்டது. நான் இரவு 9 மணிக்கு வந்தால் அது எதற்காக என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இன்னும் எவ்வளவு பாக்கி என்பதும் தெரியும்.

வாரம் 8 மணி நேரம் ஓவர்டைம், ஒன்றரை மடங்கு கூலி. ஆக 8 மணிக்கு 12 மணி நேரக் கூலி. 48-ஓடு சேர்த்தால் 60. சம்பளம் கால் பங்கு கூடியது. 12 ஆண்டுகளில் கூடுதலாக வந்தது மட்டும் மூன்று முழு ஆண்டுச் சம்பளம். கடனை முன்கூட்டி அடைத்ததால் மிச்சமான வட்டி தனி.

இளமையில் சேர்த்த பணத்துக்கு இன்னொரு பலமும் உண்டு. ஆண்டுக்கு 6 சதவீதம் வளரும் பணம் 12 ஆண்டுகளில் இரட்டிக்கும். 72-ஐ வட்டி விகிதத்தால் வகுக்கும் பழைய குறுக்குவழி இது. 30 வயதில் போட்ட 100, 60 வயதில் ஏறக்குறைய 574 ஆகிறது. 50 வயதில் போட்ட 100, 60-இல் 179தான். அதாவது 30 வயதில் ஒரு மணி நேரம் கூடுதலாக உழைத்துச் சேமித்தது, 50 வயதில் மூன்று மணி நேரத்துக்கு மேல் உழைத்துச் சேமித்ததற்குச் சமம். உடம்பும் அப்போது தாங்கியது. தாளின் கடைசி வரியை 34 வயதில் அடித்தோம். மனைவி தாளைக் கிழித்து எடுத்தார். கதவில் பசை ஒட்டியிருந்த நான்கு மூலைகள் மட்டும் நின்றன.

அந்த இடத்தில் வேறு தாள் எதையும் நாங்கள் ஒட்டவில்லை.

பதவி உயர்வு

அடுத்த ஆண்டு மேற்பார்வையாளர் பதவி வந்தது. அடிப்படைச் சம்பளம் 30 சதவீதம் உயர்ந்தது. எல்லாரும் வாழ்த்தினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பதவிக்கு ஓவர்டைம் கிடையாது என்பது கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியாக இருந்தது. அதைப் படித்தேன். ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

இப்போது போட்டேன். பதவிக்கு முன் 56 மணி நேரத்துக்கு 60 மணிக் கூலி, அதாவது மணிக்கு 1.07. பதவிக்குப் பின் 48-இன் 1.3 மடங்கு, 62.4. வேலை 62 மணி. மணிக்கு 1.01. என் ஒரு மணி நேரத்தின் விலை பதவி உயர்வால் 6 சதவீதம் குறைந்துவிட்டது! சம்பளச் சீட்டில் தொகை கூடியிருந்ததால் இது கண்ணில் படவே இல்லை.

அப்புறம் மனைவியின் வீட்டுக் கணக்கு நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு இன்னொரு காரியம் செய்தேன். நேரம் இல்லாததால் மட்டுமே ஆன செலவுகளைத் தனியாக எழுதினேன். நானே செய்யக்கூடிய வீட்டுப் பழுதுக்கு ஆள் வைத்தது, அவசரத்துக்கு வண்டி பிடித்தது, பயணச்சீட்டை ரத்து செய்து இழந்தது, முதுகுவலி வைத்தியம், வர முடியாமல் போன நாட்களுக்கு ஈடாக வாங்கிக்கொடுத்த பொருட்கள். முதல் பகுதியில் இது சம்பளத்தில் 3 சதவீதம். இரண்டாவது பகுதியில் 11 சதவீதம். இதையும் கழித்தால் மணி நேரத்தின் விலை 1.04-இலிருந்து 0.90-க்கு இறங்குகிறது.

பிறகும் சம்பளம் உயர்ந்தது, உண்மைதான். ஆனால் பக்கத்துப் பிரிவில் ஏறக்குறைய 48 மணியோடு வீட்டுக்குப் போன என் சமநிலை அதிகாரிக்கும் அதே அளவு உயர்வுதான் வந்தது. ஆக, வாரத்துக்கு 14 மணி நேரம் வீதம் 15 ஆண்டுகள் நான் கொடுத்த 10,080 மணி நேரத்துக்கு விலை என்று எதுவும் தனியாக வரவில்லை. கேட்டவர்களும் யாரும் இல்லை. நானாகக் கொடுத்தேன். என் இரவு அழைப்புகள் எல்லாம் அவசியமானவை என்று அப்போது முழு மனதோடு நம்பினேன்.

ஒரு லாக் வாஷர்

கூடுதல் நேரத்தில் வேலையாவது கூடுதலாக நடந்ததா? இதற்கு 'ம' எழுத்துகள் பதில் சொல்கின்றன.

ஒரு நாள் காலை 6 மணிக்கு உள்ளே போயிருக்கிறேன், வெளியே வந்தது இரவு 10:30. காற்றைத் தள்ளும் பெரிய விசிறி இயந்திரமான புளோயர் ஒன்றின் பேரிங்கை, அதாவது சுழலும் தண்டைத் தாங்கும் பாகத்தை, மாற்றிய நாள் அது. தண்டின் மேல் ஸ்லீவ் என்ற உறைக்குழாய், அதன் மேல் பேரிங், அதை இறுக்கும் நட். நட் கழன்று வராமல் இருக்க அதற்குக் கீழே ஒரு லாக் வாஷர் இருக்கும். சுற்றிலும் சின்னச் சின்ன நாக்குகளோடு பூவைப் போல இருக்கும். நட்டை இறுக்கிய பின் அந்த நாக்குகளில் ஒன்றை நட்டின் பள்ளத்துக்குள் மடக்கிவிட வேண்டும். சுத்தியலால் ஒரு தட்டு, பத்து விநாடி வேலை. அதை நான் நூறு தடவையாவது செய்திருப்பேன். அன்று இரவு 10 மணிக்குச் செய்யவில்லை. செய்துவிட்டதாகவே என் மனதில் இருந்தது. பக்கத்தில் நின்ற பையன்கூட நான் செய்துவிட்டேன் என்றே நினைத்திருந்தான். ஓட்டிப் பார்த்தோம், நன்றாக ஓடியது, கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை 9:40-க்கு நட் தளர்ந்து பேரிங் சூடேறி நின்றது. திறந்து பார்த்தால் வாஷரின் நாக்குகள் எல்லாம் மடங்காமல் நேராக இருந்தன. புது பேரிங் நீலம் பாரித்துப் போயிருந்தது. மறுபடி சரிசெய்ய 7 மணி நேரம் ஆனது. முந்தைய நாள் மாலை 6 மணிக்கு நிறுத்திவிட்டுப் போய்க் காலையில் வந்து மாட்டியிருந்தால் மூன்று மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

இரண்டாவது பகுதியின் 15 டைரிகளில் 131 'ம' இருக்கின்றன. அவற்றில் 88, அன்றைய என் பத்தாவது மணி நேரத்துக்குப் பிறகு செய்த வேலைகள். மொத்த வேலை நேரத்தில் ஏழில் ஒரு பங்குகூட இல்லாத நேரத்திலிருந்து மறுவேலையில் மூன்றில் இரண்டு பங்கு வந்திருக்கிறது. கடினமான, அவசரமான பழுதுகள்தான் இரவு வரை இழுக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எல்லாவற்றையும் களைப்பின் தலையில் போட முடியாது. ஆனாலும் லாக் வாஷர் போன்ற பிழைகள் பகல் வேலையில் ஒன்றிரண்டுக்கு மேல் இல்லை.

இது என் ஒருவன் அனுபவம் மட்டும் அல்ல. முதல் உலகப்போரின்போது பிரிட்டனின் வெடிபொருள் தொழிற்சாலைகளில் யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள், எவ்வளவு உற்பத்தி ஆனது என்று பதிவு செய்து வைத்திருந்தார்கள். அந்தப் பதிவுகளைப் பொருளாதார அறிஞர் ஜான் பென்கவெல் மறுபடி ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார். வாரம் 49 மணி வரை நேரத்துக்கு ஏற்ற அளவில் உற்பத்தி ஏறியது. அதற்கு மேல் ஏற்றம் தளர்ந்துகொண்டே போனது. 70 மணி நேரம் வேலை செய்தபோது கிடைத்ததற்கும் 56 மணி நேரத்தில் கிடைத்ததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த ஆய்வைப் படித்தபோது என் 15 டைரிகளையும் ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தேன்.

உடம்பு

47 வயதில் ரத்த அழுத்தம் கண்டுபிடித்தார்கள். அது நீண்ட நேர வேலையால்தான் வந்தது என்று ஒரு மனிதனை வைத்து யாரும் சொல்ல முடியாது. பெரும் எண்ணிக்கையில் பார்த்தவர்கள் சொல்வது இது. உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம். 2016-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் 7,45,000 பேர் இப்படி இறந்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் 45 வயதுக்கு மேல் அப்படி உழைத்து, 60-க்கும் 79-க்கும் இடையே இறந்தவர்கள். சம்பாதித்த பணத்தைச் செலவழிக்க வேண்டிய வயது அது. எனக்கு இப்போது 62.

எது போதும்?

ஓய்வுக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்பதற்கு ஒரு பிரபலமான கணக்கு உண்டு. அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-இல் சொன்னது. சேமிப்பில் முதல் ஆண்டு 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்பக் கூட்டிக்கொண்டே போனால், அந்நாட்டின் பழைய பங்கு, கடன்பத்திர வரலாற்றில் பணம் 30 ஆண்டுகளுக்குத் தாங்கியிருக்கிறது. அதாவது ஆண்டுச் செலவின் 25 மடங்கு. இது ஒரு நாட்டின் வரலாற்றிலிருந்து வந்த எண், எங்கும் பொருந்தும் சட்டம் ஆகாது. ஒரு தோராயக் கோடாக எடுத்துக்கொள்ளலாம்.

நான் அந்தக் கோட்டை 53 வயதில் தொட்டிருக்கிறேன். எனக்கே அது தெரியாது. அன்றைக்கு வேலையை விட்டிருக்கலாம் என்று சொல்ல மாட்டேன். 53 வயதில் விட்டால் 30 ஆண்டுகளுக்கு மேலும் பணம் தேவைப்படலாம். ஆனால் வாரம் 58 மணியை 48 ஆக்கியிருக்கலாம். சம்பளத்தில் ஒரு காசு குறைந்திருக்காது. கையில் போதுமான அளவு இருக்கிறது என்று தெரிந்த மனிதன், "இன்னிக்கு முடியாது, காலையில பார்க்கலாம்" என்று சொல்லும் தைரியம் கொஞ்சம் அதிகமாகப் பெறுகிறான். எனக்கு அந்தத் தைரியம் தேவைப்பட்டது. அதைத் தந்திருக்கக்கூடிய எண் என் பாஸ்புத்தகத்திலேயே இருந்தது, நான் கூட்டிப் பார்க்கவில்லை.

பணம் மகிழ்ச்சி தராது என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். அப்பா படுத்திருந்தபோது பணம் இல்லாமல் இருந்தவன் நான். உளவியலாளர் டேனியல் கானமனும் பொருளாதார அறிஞர் ஆங்கஸ் டீட்டனும் 2010-இல், ஒரு வருமான அளவுக்கு மேல் அன்றாட மகிழ்ச்சி ஏறுவதில்லை என்று எழுதினார்கள். 2023-இல் கானமன் வேறு இரண்டு பேரோடு சேர்ந்து அதைத் திருத்தினார். மிகவும் மகிழ்ச்சி குன்றியவர்களுக்குத்தான் அப்படி நின்றுபோகிறது, பெரும்பாலோருக்குத் தொடர்ந்து ஏறுகிறது என்றார்கள். ஆனால் ஏறுவது விகிதத்தில். 1 என்ற வருமானம் 2 ஆகும்போது கிடைப்பது, 2 என்பது 4 ஆனால்தான் மறுபடி கிடைக்கும். 30 வயதில் ஓவர்டைம் தந்த கால் பங்கு எங்கள் வீட்டின் தூக்கத்தையே மாற்றியது. 55 வயதில் வந்த உயர்வு எந்த மாதம் வந்தது என்று எனக்கு நினைவில்லை.

பதவி வேண்டாம் என்றவர்

என்னோடு ஒரே நாளில் சேர்ந்த நண்பர் ஒருவர். எனக்கு வந்த அதே பதவி அவருக்கும் வந்தது, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கடைசி வரை ஃபிட்டராகவே, அதாவது இயந்திரங்களைப் பொருத்திப் பழுதுபார்க்கும் தொழிலாளியாகவே இருந்தார். ஓவர்டைம் வந்தால் மாதத்தில் இரண்டு நாள் செய்வார், அவ்வளவுதான். மாலையில் சதுரங்கம். இன்றும் வாரம் மூன்று நாள் ஏழெட்டுப் பேர் கூடி ஆடுகிறார்கள். நான் போய் உட்கார்ந்தால் இடம் தருகிறார்கள். ஆனால் 25 ஆண்டுகள் பழைய ஆட்டங்களைப் பற்றி அவர்கள் பேசும்போது எனக்குச் சேர்ந்துகொள்ள எதுவும் இல்லை.

அவர் கதையை மட்டும் கேட்டால் அவர் செய்ததே சரி என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்து, இந்தக் கணக்கை அவரிடம் காட்டினேன். அவர் சொன்னது வேறு. "பதவி வேண்டாம்னு சொன்ன அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரலை. ரெண்டு வருஷம் தப்பு பண்ணிட்டேனோன்னுதான் இருந்துச்சு. பையன் படிப்புக்கு வாங்கின கடன் இன்னும் போயிட்டுதான் இருக்கு. வீட்டுக் கூரை ஒழுகினப்போ உன்கிட்டதானே வந்து வாங்கினேன்?" உண்மை. நான் கொடுத்ததை மறந்திருந்தேன், அவர் மறக்கவில்லை.

அவரிடம் இருப்பது என்னிடம் இல்லை, என்னிடம் இருப்பது அவரிடம் இல்லை. இரண்டு பேருமே விலை கொடுத்திருக்கிறோம். ஆனால் அவர் தன் விலை என்ன என்று தெரிந்து, தூக்கம் கெட்டு யோசித்துக் கொடுத்தார். நான் யோசிக்கவே இல்லை. எங்கள் இருவருக்கும் இடையே நான் பார்க்கும் பெரிய வித்தியாசம் அதுதான்.

சேர்த்து வைக்க முடியாதது

24 வயதில் ஒரு புல்லாங்குழல் வாங்கி ஒன்றரை ஆண்டு கற்றுக்கொண்டேன். பதவி வந்த ஆண்டு வரை அவ்வப்போது எடுத்து வாசிப்பேன். பிறகு அது துணியில் சுற்றி அலமாரிக்குள் போனது. ஓய்வு பெற்றதும் வாசிக்கலாம் என்று 25 ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தேன். மனதில் நான் நினைத்திருந்தது இப்படி: பணம் வங்கியில் இருப்பது போலக் குழல் அலமாரியில் இருக்கிறது, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம்.

61 வயதில் எடுத்தேன். வலது கை மோதிரவிரல் முழுதாக வளையவில்லை. ஸ்பானர் பிடித்த கை, கணு வீங்கியிருக்கிறது. ஓட்டையின் ஓரத்தில் ஒரு முடி அகலத்துக்கு இடைவெளி விட்டாலும் காற்று கசிந்து ஸ்வரம் பிசிறுகிறது. கற்றுத்தருபவருக்கு 30 வயது இருக்கும். பொறுமையானவர். "ஐயா, நுனியால மூட வேண்டாம், விரலோட சதைப்பகுதியை வைங்க. அழுத்தாதீங்க, சும்மா வைங்க" என்கிறார். அழுத்தாமல் வைப்பது எனக்கு வரமாட்டேன் என்கிறது. 37 ஆண்டுகள் எல்லாவற்றையும் இறுக்கியே பழகிய கை.

பொழுதுபோக்கு என்பதை வேலை முடிந்த பின் மிஞ்சும் வெற்று நேரம் என்று நினைத்திருந்தேன். அதற்குள் திறமை இருக்கிறது, நண்பர்கள் இருக்கிறார்கள், உடம்பின் ஒத்துழைப்பு இருக்கிறது. பணத்தைப் போலவே இவையும் சிறிது சிறிதாகப் போட்டால் வட்டியோடு வளர்கின்றன. போடாமல் விட்டால் அப்படியே இருப்பதில்லை, குறைகின்றன. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வாசித்து வந்திருந்தால் போதும். அந்த 15 ஆண்டுகளுக்கும் சேர்த்து 1,440 மணி நேரம்தான் ஆகியிருக்கும். கூடுதலாகக் கொடுத்த 10,080-இல் ஏழில் ஒரு பங்கு.

பிரிட்டனின் பொருளாதார அறிஞர் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் 1930-இல் ஒரு கட்டுரை எழுதினார். நூறு ஆண்டுகளில் மனிதர்கள் வாரம் 15 மணி நேரம் வேலை செய்தால் போதும் என்ற நிலை வந்துவிடும் என்று கணித்தார். அவர் சொன்ன கெடு நெருங்கிவிட்டது, 15 மணி வரவில்லை. அதே கட்டுரையில் அவர் பயந்தது ஒன்று உண்டு. பாடுபடவே பழக்கப்பட்ட நமக்கு அனுபவிக்கப் பழக்கம் இல்லையே, ஓய்வு வந்தால் அதை என்ன செய்வோம் என்பது அந்தப் பயம். ஓய்வின் முதல் மாதம் காலை 5 மணிக்கு எழுந்து, குளித்து, சட்டை மாட்டி, பையில் டைரி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தபோது எனக்கு அந்தப் பயத்தின் அர்த்தம் புரிந்தது.

14 மாதங்கள்

35 வயதில் வேறு என்ன செய்திருக்கலாம்? பதவியை மறுத்திருக்கலாம். ஐந்து ஆண்டுகள் மட்டும் என்று கெடு வைத்து ஏற்றிருக்கலாம். ஏற்றுக்கொண்டு நேரத்துக்கு எல்லை போட்டிருக்கலாம். மூன்றாவது நடக்கவே நடக்காது என்றுதான் அப்போது சொல்லியிருப்பேன். என் டைரிகளே அதை மறுக்கின்றன.

ஓய்வு நெருங்கியதால் கடைசி இரண்டு ஆண்டுகளில் இரண்டு இளைஞர்களுக்கு எல்லாவற்றையும் சொல்லித் தர வேண்டி வந்தது. எந்த இயந்திரம் எந்தச் சத்தம் போட்டால் என்ன பழுது, எந்த உதிரிபாகம் எந்த ரேக்கில், எதைக் காலை வரை தள்ளிப்போடலாம், எதைப் போடக்கூடாது. எழுதியும் கொடுத்தேன். 14 மாதங்களில் மாதத்துக்குச் சராசரி 11 ஆக இருந்த 'இ' மூன்றாகக் குறைந்தது. மற்ற எட்டு இரவுகளிலும் தொழிற்சாலை ஓடிக்கொண்டுதான் இருந்தது. வேறு யாரோ விடிய விடிய நின்றார்கள் என்றும் இல்லை. பாதி அழைப்புகள் கேள்விகளாகத்தான் இருந்தன. பதில் தாளில் இருந்தபோது யாரும் வர வேண்டியிருக்கவில்லை.

இதை 40 வயதில் செய்திருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். நேரம் இல்லை என்பது காரணம் இல்லை. இரவில் தொலைபேசி அடிக்கும்போது, நான் இல்லாமல் நடக்காது என்ற நினைப்பு உள்ளுக்குள் இனித்தது. எழுதிக் கொடுத்துவிட்டால் அது அடிக்காது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு 62 வயது ஆகியிருக்கிறது. அந்த நினைப்புக்கான செலவில் என் மனைவியின் பங்கு பெரியது. வீட்டில் அவர் தனியாகச் சமாளித்த மாலைகள் எந்த டைரியிலும் இல்லை. கேட்டேன். "முதல்ல அந்தத் தாள் இருந்துச்சு, கணக்கு தெரிஞ்சுது. அப்புறம் எதுவரைக்கும்னு எனக்குத் தெரியலை, உங்களுக்கும் தெரியலை" என்றார்.

என் மகளுக்கு 33 வயது. அவளுக்கும் ஒரு பதவி உயர்வு வந்திருக்கிறது. என்ன செய்வது என்று கேட்டாள். இதில் உள்ள கணக்கை எல்லாம் அவளுக்கு அனுப்பினேன். அவளுடைய கடன், அவளுடைய உடம்பு, அவளுடைய சம்பளச் சீட்டு வேறு. அதனால் எண்களை அவளே போட்டுக்கொள்ளும்படி இடம் விட்டு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டாள். கணக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அந்த ராத்திரி வேலையெல்லாம் உங்களுக்குப் பிடிச்சிருந்துச்சா அப்பா?" என்று கேட்டாள்.

டைரியில் அதற்கு எழுத்து எதுவும் நான் வைத்திருக்கவில்லை. பிடித்திருந்தது என்றேன். மூன்று நாள் பிரித்துப் போட்ட இயந்திரம் விடிகாலையில் ஒரே சீராக ஓட ஆரம்பிக்கும். உறையின் மேல் உள்ளங்கையை வைத்தால் அதிர்வே தெரியாது. ஆறு பேரும் ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் நிற்போம். அந்த மாதிரி ஒரு 40, 50 இரவுகள் நன்றாக நினைவிருக்கின்றன, மற்றவை இல்லை என்றேன்.

"அதுல எத்தனை அந்த முதல் பன்னிரண்டு வருஷத்துல?"

யோசித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல்.